ஒரே அடுப்பா, இரண்டு அடுப்பா?

"சோறு ஒன்றாகத்தான் வடிக்கிறீர்களா?"

1991 பிப்ரவரியில், சென்னை ஓட்டேரியின் ஒரு சந்தில், வாசல் வாசலாக நின்று அம்மா கேட்ட கேள்வி இது. அம்மா மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. பகலில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு, பள்ளி விட்டதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எனக்குப் பத்து வயது. தண்ணீர்ப் புட்டியையும் ஓர் அட்டையையும் சுமந்துகொண்டு பின்னால் போவது என் உத்தியோகம். கையெழுத்து நன்றாக இருந்தாலும் தாளைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. தொட்டால் சட்டம் பாயும் என்று அம்மா சொல்லியிருந்தார். நானும் நம்பியிருந்தேன்.

வயதைக் கேட்பார்கள், படிப்பைக் கேட்பார்கள் என்பது எனக்குப் புரிந்தது. சோற்றை ஏன் கேட்க வேண்டும்? அதற்கான பதிலைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கணக்கெடுப்பின் அகராதியில் குடும்பம் என்பது ரத்த உறவில்லை, சொத்துப் பத்திரமில்லை, ரேஷன் கார்டும் இல்லை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலறையிலிருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். வாடகையைப் பங்கிட்டுச் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் நான்கு நண்பர்களும் அந்தக் கணக்கில் ஒரே குடும்பம்தான். ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக உலை வைக்கும் அண்ணனும் தம்பியும் இரண்டு குடும்பங்கள்.

அந்தச் சந்தில் பச்சைக் கதவு போட்ட வீடு ஒன்று இருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி, அம்மா கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டார்: "ஒன்றாகத்தான் டீச்சர். இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், எல்லோரும் ஒன்றாகத்தான்." உள்ளேயிருந்து சின்ன மருமகளின் குரல் வந்தது: "போன ஆடியிலிருந்து தனித்தனி, டீச்சர்." அவர் நிறைமாதக் கர்ப்பிணி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தபடியே, "ஸ்டவ் எத்தனை?" என்றார்.

இரண்டு.

அம்மா இரண்டு குடும்பங்களாக எழுதினார். பாட்டிக்குக் கோபம் தாங்கவில்லை. "தெருவுக்கே தெரியாமல் வைத்திருந்தோம். இப்போது டில்லி வரைக்கும் சொல்லிவிட்டாய்" என்று மருமகளைத் திட்டினார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த இரண்டாவது ஸ்டவ் டில்லிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அம்மா அனுப்பப்பட்டிருந்தார். ஒரு நகரத்தில் எத்தனை வீடுகள், எத்தனை குடும்பங்கள் என்று தனித்தனியாக எண்ணினால்தான், ஒரு கதவுக்குப் பின்னால் எத்தனை உலை கொதிக்கிறது என்பது தெரியும். வீட்டுப் பற்றாக்குறை என்று திட்டக்காரர்கள் எழுதும் எண்ணில் அந்தப் பச்சைக் கதவும் ஒரு புள்ளியாக இருக்கும்.

அந்த இரண்டு வாரங்களில் நான் கற்றது நிறைய. பெண்கள் பலர் கணவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஒருவர், "திருச்செந்தூரில் இருப்பவர்" என்றார். "முருகனா?" "இல்லை." "செந்திலா?" "அதோடு ஒரு நாதரும் உண்டு." செந்தில்நாதன் என்று எழுதிக் காட்டியதும் வெட்கத்தோடு தலையை ஆட்டினார். நான் சிரித்துவிட்டேன், அம்மாவிடம் குட்டு வாங்கினேன். 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் பின்னாளில் படித்தபோதுதான் அந்தக் குட்டின் நியாயம் தெரிந்தது. கேள்விகளுக்குப் பதில் சொல்வது எல்லோருக்கும் கடமை என்று சொல்லும் அந்தப் பிரிவே ஒரு விலக்கும் தருகிறது: தன் கணவரின் பெயரையோ, வழக்கப்படி உச்சரிக்கக் கூடாத வேறொருவரின் பெயரையோ சொல்லும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. செந்தில்நாதனின் மனைவிக்காகச் சட்டம் முன்பே யோசித்து வைத்திருந்தது.

வயது இன்னொரு கூத்து. அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று ஐந்தின் பெருக்கமாகத்தான் சொல்வார்கள். அறுபத்து மூன்று வயதுக்காரர்கள் அந்தச் சந்தில் அறுபத்து மூன்று நாயன்மார்களோடு முடிந்துபோனார்கள் என்று அம்மா கேலி செய்வார். புள்ளியியல்காரர்களுக்கு இது பழைய தலைவலி. பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள், அதைச் சமன் செய்யத் தனிக் கணக்கே உண்டு. அம்மாவின் முறை வேறு: ஊரில் நடந்ததைக் கேட்பது. பச்சைக் கதவுப் பாட்டி, "எம்டன் குண்டு போட்டபோது நான் கைக்குழந்தையாம்" என்றார். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22. பாட்டி எழுபது என்று சொன்ன வயதை அம்மா எழுபத்தாறு என்று எழுதினார்.

எனக்கு இன்றும் மறக்காதது இட்லிக்கார அக்கா. அவர் கணவர் வாசலிலேயே நின்று பதில் சொன்னார். "அவள் வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள்." அவர் பேசும்போது பின்னால் இட்லிப் பானையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. வாசலில் தூக்குச் சட்டியோடு மூன்று பேர் காத்திருந்தார்கள். 1991 கணக்கெடுப்பில் வேலை பற்றிய கேள்வியிலேயே, குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் செய்யும் வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருந்தார்கள். அதுவரை பெண்களின் உழைப்பு அந்தக் கேள்வியின் ஓட்டை வழியாக ஒழுகிப்போய்க்கொண்டிருந்தது. அம்மா அவரை உழைப்பாளி என்று எழுதினார். ஆனால் நான்கு குடம் தண்ணீர் அடித்து, மூன்று பேருக்குச் சமைத்து, படுக்கையில் கிடக்கும் மாமனாரைத் துடைத்துவிடும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தாளில் இடமில்லை. அவர் 'வேலை செய்யாதவர்'. அன்று இரவு அம்மா அப்பாவிடம் இதைச் சொல்லி வெகுநேரம் பொருமினார். அப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தார். வழக்கமாகக் கழுவமாட்டார்.

சரி, இத்தனை பேரை வேலை மெனக்கெட்டு எண்ணுவது எதற்கு? எல்லோரையும் எண்ணாமல் மாதிரிக் கணக்கெடுத்தால் போதாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே. பதம் பார்க்க ஒரு சோறு போதும், மறுக்கவில்லை. ஆனால் பந்தியில் எத்தனை இலை போடுவது என்று அந்த ஒரு சோறு சொல்லாது. தவிர, எந்தப் பானையிலிருந்து எடுப்பது என்ற பட்டியல் வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு போன்ற பெரிய மாதிரி ஆய்வுகள் ஊர்களையும் தெருக்களையும் தேர்ந்தெடுப்பதே மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியலிலிருந்துதான். அந்தப் பட்டியல் பழசானால், அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சோறும் பழைய சோறு.

மொத்த எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 2011இல் இந்தியா 121 கோடி, தமிழ்நாடு 7.21 கோடி. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது போதும். என்னைக் கேட்டால், கணக்கெடுப்பின் முழுப் பயனும் அது வகுக்கும் எண்ணாக இருப்பதில்தான் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு எத்தனை படுக்கை, லட்சம் பேருக்கு எத்தனை நோயாளி, நூறு குழந்தைகளில் எத்தனை பேர் பள்ளியில். மேலே இருக்கும் எண் ஆண்டுதோறும் மாறும், கீழே இருக்கும் எண் பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். கீழ் எண் தப்பானால் விடையும் தப்பு என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். 2021இல் எத்தனை சதவீதம் பேருக்குக் கொரோனா தடுப்பூசி போட்டாயிற்று என்று தினமும் சொன்னார்களே, அந்தச் சதவீதத்தின் அடியில் இருந்தது 2011 எண்ணை நீட்டிப் பார்த்து ஊகித்த மக்கள்தொகை.

அரிசியும் அப்படித்தான். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 சதவீதம், நகரங்களில் 50 சதவீதம் பேர் வரை மானிய தானியம் தரச் சொல்கிறது. எத்தனை பேரில் 75 சதவீதம்? 2011இல் எண்ணப்பட்டவர்களில். அப்படி வந்ததுதான் சுமார் 81 கோடி. அதன் பிறகு நாட்டில் ஆட்கள் கூடினார்கள், உச்சவரம்பு கூடவில்லை. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு இருப்பதால் இந்தச் சூடு நம் தெருவில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

சென்னையின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் 46,46,732 பேர். அது 174 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய சென்னை. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூரும் சோழிங்கநல்லூரும் திருவொற்றியூரும் உள்ளே வந்தன. எண்ணி முடித்து எட்டு மாதத்தில் எண்ணிய ஊரே மாறிவிட்டது. இன்றும் சிலர் 46 லட்சத்தைச் சென்னையின் மக்கள்தொகை என்று எழுதுகிறார்கள், சிலர் விரிந்த பகுதியையும் கூட்டி 67 லட்சம் என்கிறார்கள். இருவரும் சொல்வது வேறு வேறு ஊர்கள். 2001க்கும் 2011க்கும் இடையே பழைய சென்னை சுமார் 7 சதவீதம்தான் வளர்ந்தது. அதே பத்து ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39, திருவள்ளூர் மாவட்டம் சுமார் 35. நடுவில் வாடகை ஏற ஏற, குடும்பங்கள் ஓரத்துக்கு நகர்ந்த கதை இந்த மூன்று எண்களில் இருக்கிறது. எங்கள் குடும்பமும் அந்த 35இல் ஒரு துளி. 2004இல் ஆவடிப் பக்கம் போய்விட்டோம்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2011 தாள்களில் அவர்கள் இன்னும் ஆற்றங்கரையில்தான் குடியிருக்கிறார்கள். இடித்துத் தள்ளிய வீட்டில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் சைதாப்பேட்டைப் பள்ளிக்குப் போகிறார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் நிலமோ அந்தத் தாளில் வேறு ஏதோவாக இருக்கிறது. பஸ் எத்தனை விடுவது, அங்கன்வாடி எத்தனை திறப்பது என்று அந்தத் தாளைப் பார்த்து எவராவது முடிவு செய்தால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் வேறு தாள் கிடையாது.

2011க்குப் பின் 2021இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவில் தள்ளிப்போனது. கொரோனா போன பிறகும் தள்ளிப்போனது. 1881 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது, உலகப் போருக்கு நடுவே 1941இல்கூட நடந்தது, முதல்முறையாக நின்றது. இப்போது 2027 மார்ச் 1 நள்ளிரவைக் கணக்கு நேரமாக அறிவித்திருக்கிறார்கள். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆதார் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, பள்ளியில் மூன்று வகை எண்கள் இருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கில் மட்டும் அவள் இதுவரை ஓர் ஆளாக ஏறவில்லை.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைவிட, எண்ணியதால் என்ன தெரிந்தது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 1871இல் சென்னை மாகாணத்தில் எடுத்த கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர். அப்போது சென்னை நகரத்தில் 3,97,552 பேர், மாகாணத்தில் சுமார் 3.12 கோடி. ஐந்தாண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தபோது, அதில் ஒரு மனிதன் உயிர் வாழ முடியாது என்று வாதாடியவர் இதே கார்னிஷ்தான். 1881இல் மறுபடி எண்ணினார்கள். மாகாணத்தில் 3.08 கோடி. பத்து ஆண்டில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் சேர்த்த பிறகும் குறைவு. பஞ்சத்தில் செத்தவர்களை அப்போது சரியாக எழுதி வைக்க ஆளில்லை, எண்ணிக்கைப் பதிவுகள் அரைகுறை. அடுத்த கணக்கில் வராமல்போனவர்களாகத்தான் அவர்கள் காகிதத்தில் ஏறினார்கள். ஆள்வதற்காகவும் வரிக்காகவும் வெள்ளைக்காரன் தொடங்கிய வேலை என்பது உண்மைதான். அவன் எழுதிய கணக்கே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது என்பதும் உண்மை.

எண்ண வருகிறவரைப் பார்த்துப் பயப்படுவதும் அன்று முதல் இன்று வரை இருக்கிறது. அம்மாவிடம் எல்லா வீட்டிலும் கேட்டது, "இதனால் கார்டை வெட்டிவிடுவார்களா?" என்பதுதான். சட்டத்தின் 15ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தனி ஆள் கொடுத்த விவரத்தை வேறு எவரும் பார்க்க முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. அம்மா இதைச் சொன்னபோது மக்கள் நம்பினார்கள். சட்டத்தைவிட, தங்கள் பிள்ளைக்கு 'அ' சொல்லிக்கொடுத்த டீச்சரை நம்பினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2010இல் வீட்டுப் பட்டியலோடு சேர்த்து, குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கும் விவரம் வாங்கினார்கள். இரண்டும் வேறு, ஆனால் கதவைத் தட்டுகிற கை ஒன்று. 2020இல் வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் இந்தப் பதிவேட்டையும் எதிர்த்துப் பெண்கள் இரவும் பகலும் தெருவில் உட்கார்ந்தபோது அந்தக் கலப்பின் விலை தெரிந்தது. பெயரில்லாத எண்ணையும் பெயரோடு கூடிய பட்டியலையும் ஒரே பையில் போட்டது பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன்.

தொகுதி வரையறை பற்றிச் சொல்லாமல் விட்டால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். 1967 தேர்தலில் நமக்கு 41 மக்களவைத் தொகுதிகள் 39 ஆயின. 1976இல் எண்ணிக்கையை 1971 கணக்கோடு நிறுத்தி வைத்தார்கள், பிறகு அதை 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டினார்கள். 2021 கணக்கெடுப்பு 2027க்கு நகர்ந்ததில் அந்தக் கோட்டையும் தாண்டிவிட்டது. சிறு குடும்பம் என்று சுவரில் எழுதியதை நம்பிய மாநிலம் அதற்காக இடம் இழப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கும் கோபம் உண்டு. அதற்காக எண்ணாமலே இருக்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளவுகோலை ஒளித்துவைத்தால் துணி கூடிவிடாது.

சாதியும் இம்முறை எல்லோருக்கும் எண்ணப்படுகிறது. இதுவரை பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டு வாதங்களில் பெரும்பாலும் கையில் பிடித்திருந்தது 1931 எண்கள், அதாவது எம்டன் பாட்டிக்குப் பதினாறு வயதாக இருந்தபோது எடுத்தவை.

கணக்கெடுப்பு வேலையிலேயே அம்மா அதிகம் பேசாத ஒன்று உண்டு. பிப்ரவரி 28 இரவு, வீடில்லாதவர்களை எண்ணும் இரவு. ஒரே இரவில் முடிக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் நாளை எங்கே படுப்பார்கள் என்று தெரியாது. அப்பா டார்ச் விளக்கோடு துணைக்குப் போனார், என்னை அழைத்துப் போகவில்லை. வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் ஒரு கிழவரை எழுப்பி எழுதியதாக மட்டும் அம்மா சொன்னார். எழுதி முடிந்ததும் அவர், "இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றாராம். கேள்விகள் தீர்ந்துபோயிருந்தன. அம்மா தன்னிச்சையாக, சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். அது தாளில் இல்லாத கேள்வி.

மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். இடையில் பிறந்தவர்களைச் சேர்க்கவும் இறந்தவர்களின் பெயரை அடிக்கவும். 1991இல் கணக்கு நேரம் நள்ளிரவில்லை, மார்ச் 1ஆம் தேதிச் சூரிய உதயம். விடிவதற்கு முன் போனவரை அடிக்க வேண்டும், விடிந்த பிறகு வந்தவரைச் சேர்க்கக் கூடாது. படுக்கையில் இருந்த அந்த மாமனார் 25ஆம் தேதி போய்விட்டிருந்தார். அம்மா அவர் பெயரின் மேல் கோடு போட்டபோது மருமகள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைக் கதவு வீட்டில் பாட்டி எங்களுக்காகவே காத்திருந்தார். சின்ன மருமகளுக்குப் பையன் பிறந்திருந்தான். மார்ச் 1, காலை எட்டு மணிக்கு.

"எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர்" என்றார். "எந்த அடுப்பில் எழுதினாலும் சரி."

விதியை அம்மா பொறுமையாக விளக்கினார். ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று பாட்டிக்குப் புரிய வைக்க முடியவில்லை. கடைசியில் பாட்டி, "அப்படியானால் அடுத்து எப்போது வருவீர்கள்?" என்றார். பத்து வருடம் என்றதும், பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார்.

2001இல் அந்தச் சந்து வேறொரு ஆசிரியைக்குப் போயிற்று. அவர் தாள்களை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "கால்வாய்ப் பக்கம் பச்சைக் கதவு வீடு ஒன்று இருக்கும். கதவுக்கு வேறு வண்ணம் அடித்திருந்தாலும் இருக்கும். பத்து வயதில் ஒரு பையன், விட்டுவிடாதீர்கள்."